‘சர்டிஃபிகேட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’: சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் உதவி தாமதமாவது ஏன்? பெற்றோர் என்ன செய்யலாம்?

ஜூன் மாதம். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். வாயால் கேட்டால் டக் டக்கென்று பதில் சொல்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறான். “விளையாட்டுப் பிள்ளை, போகப் போகச் சரியாகிடும்” என்கிறார்கள் வீட்டில்.

மூன்றாம் வகுப்பு. புது டீச்சர். “ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்” என்கிறார். அங்கே போனால், “முகாம் நடக்கும், அதுக்கு வாங்க.” முகாமுக்குப் போனால், “பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றோம்.” அங்கே போனால், “சைக்காலஜிஸ்ட் இன்னைக்கு லீவு, அடுத்த வாரம் வாங்க.” ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. கடைசியில் சான்றிதழ் கைக்கு வரும்போது பையன் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான்.

இது ஒரு உதாரணத்துக்காகச் சொன்ன கதைதான். ஆனால் சிறப்புத் தேவை உள்ள குழந்தையின் பெற்றோர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். இதில் ஏதாவது ஒரு வசனத்தை நிச்சயம் கேட்டிருப்பார்கள். கவனித்தீர்களா, இந்தக் கதையில் யாருமே “முடியாது” என்று சொல்லவில்லை. எல்லோரும் “அடுத்து அங்கே போங்க” என்றுதான் சொன்னார்கள். அதிலேயே மூன்று வருடம் போய்விட்டது.

இந்தத் தாமதம் எங்கே, ஏன் உருவாகிறது? சட்டம் என்ன சொல்கிறது? சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• வகுப்பறையில் தரவேண்டிய அடிப்படை உதவிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழை சட்டம் நிபந்தனையாக வைக்கவில்லை. உதவித்தொகை, இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் அது கட்டாயம்.
• சான்றிதழ் தருவதற்குக் காலக்கெடு உண்டு. ஆனால் பள்ளியில் உதவி தொடங்குவதற்கு, இத்தனை நாளுக்குள் என்ற காலக்கெடு நம் சட்டத்தில் இல்லை.
• சிறப்புப் பயிற்றுநர் பற்றாக்குறைதான் தாமதத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது.
• பள்ளி, மருத்துவமனை, சான்றிதழ் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல், ஒரே நேரத்தில் தொடங்குவதே பெற்றோர் கையில் இருக்கும் வழி.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் என்றால் யார்?

வீல்சேரில் வரும் குழந்தை, பார்வைத்திறன் இல்லாத குழந்தை என்றால் உடனே புரிந்துகொள்கிறோம். ஆனால் பட்டியல் அதைவிடப் பெரியது.

1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. 2017 ஏப்ரல் 19 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் எல்லாம் இதில் வருகின்றன.

சிக்கல் என்னவென்றால், இதில் பல குறைபாடுகள் வெளியே தெரியாது. கற்றல் குறைபாடு உள்ள குழந்தை நன்றாக ஓடும், ஆடும், பேசும். படிப்பில் மட்டும் திணறும். அதனால் “சோம்பேறி”, “கவனம் இல்லை” என்ற பெயர்தான் முதலில் கிடைக்கிறது.

எந்தெந்த இடத்தில் தாமதமாகிறது?

1. கண்டுபிடிப்பதில்

குழந்தைகளைப் பரிசோதிக்க ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒரு முறையும் வரவேண்டும். பிறப்பு முதல் 18 வயது வரை இதில் அடக்கம். பிரச்னை தெரிந்தால், மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஆசிரியர்களே முதல்கட்டமாகப் பார்த்துப் பதிவு செய்ய, மத்திய அரசின் ‘பிரஷஸ்த்’ செயலியும் தமிழ்நாட்டில் ‘நலம் நாடி’ செயலியும் இருக்கின்றன.

ஆனால் ஒரு நாள் வந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போகும் குழுவால் கண், பல், ரத்தசோகையைக் கண்டுபிடிக்க முடியும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையைக் கண்டுபிடிக்க, பல மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேண்டும். அது வகுப்பு ஆசிரியர்தான். அவரிடம் பயிற்சியும் நேரமும் இல்லையென்றால், தாமதத்தின் முதல் வருடம் அங்கேயே கழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் கிடையாது. குழந்தைகளை இடைநிற்காமல் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு இது. ஆனால், ‘ஃபெயில்’ என்ற மணி அடிக்காததால், ‘இந்தக் குழந்தைக்கு ஏன் படிக்க வரவில்லை’ என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. அப்படி விடப்பட்ட குழந்தையின் பிரச்னை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே வருகிறது.

2. மதிப்பீட்டில்

காது கேட்கவில்லை என்றால் கருவி வைத்து அளந்துவிடலாம். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ அப்படி இல்லை. மனநல மருத்துவர் அல்லது குழந்தைகள் நல மருத்துவர், பயிற்சி பெற்ற உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என்று பலர் சேர்ந்து, சில சமயம் பல அமர்வுகளில் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும்தான் இவர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். மலைக் கிராமத்தில் இருந்து வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு முழுநாள் பயணம்.

இதோடு வயது வரம்பும் சேர்கிறது. கற்றல் குறைபாட்டை 8 வயதுக்குப் பிறகே உறுதிசெய்து சான்றளிக்கிறார்கள். அதற்கு மருத்துவக் காரணம் உண்டு. அதைவிடச் சிறு வயதில், சாதாரணமாகவே மெதுவாகப் படிக்கும் குழந்தையையும் குறைபாடு உள்ள குழந்தையையும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நடைமுறையில் இது, “எட்டு வயசு வரைக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்று தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

3. சான்றிதழில்

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இப்போது ‘ஸ்வாவலம்பன்’ இணையதளம் வழியாகத்தான். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தரவேண்டும் என்று இருந்தது. 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, இந்த அவகாசம் மூன்று மாதமாக நீட்டப்பட்டது. அதாவது, ஒரு பருவத் தேர்வு முடியும் காலம்.

4. பள்ளியில்

சான்றிதழ் வந்துவிட்டது. இனி உதவி கிடைக்குமா? இங்கேதான் பெரிய இடைவெளி. யார் சொல்லித்தருவது, வாரத்தில் எத்தனை மணி நேரம், வகுப்பில் என்ன மாற்றம், தேர்வில் என்ன சலுகை? இதை எழுதி வைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரானால்தான் சான்றிதழுக்குப் பயன். அதற்கு ஆள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். அதன்படி:

• பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும்.
• கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாம் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும்.
• குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்.
• கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்.
• ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

17ஆவது பிரிவு அரசுக்கான கடமைகளைச் சொல்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடம் கணக்கெடுப்பு, போதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி, வள மையங்கள், 18 வயது வரை இலவசப் புத்தகம் மற்றும் உதவி உபகரணங்கள், தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாவது மற்றும் மூன்றாவது மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை அதில் உண்டு.

31ஆவது பிரிவு, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. பொதுவான கல்வி உரிமைச் சட்டத்தில் இது 14 வயது வரைதான். அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பதும் குடும்பத்தின் உரிமை.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கூடிய விரைவில்’ என்றால் எத்தனை நாள்? அது சட்டத்தில் இல்லை. மதிப்பீடு இத்தனை வாரத்தில், கல்வித் திட்டம் இத்தனை வாரத்தில் என்று எங்கும் எழுதப்படவில்லை. தேதி இல்லாத கடமையைத் தள்ளிப்போடுவது சுலபம். தாமதத்துக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில், பெற்றோர் சம்மதம் தந்த 60 நாட்களுக்குள் (அல்லது அந்த மாநிலம் வகுத்த கால அளவுக்குள்) மதிப்பீட்டை முடிக்க வேண்டும். தகுதி உறுதியானால், அடுத்த 30 நாட்களுக்குள் தனிநபர் கல்வித் திட்டத்துக்கான கூட்டம் நடக்க வேண்டும்.

இங்கிலாந்தில், கோரிக்கை வைத்ததில் இருந்து 20 வாரங்களுக்குள் குழந்தைக்கான கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் தயாராக வேண்டும். ஆனால் 2024இல் வெளியான திட்டங்களில் பாதிக்கும் குறைவானவைதான் இந்தக் கெடுவுக்குள் வந்தன. காரணம், உளவியலாளர்கள் பற்றாக்குறை, நிதி நெருக்கடி, பெருகும் கோரிக்கைகள்.

இதில் நமக்கு இரண்டு பாடம். காலக்கெடு மட்டும் இருந்தால் போதாது, ஆளும் பணமும் வேண்டும். ஆனால் காலக்கெடு இருப்பதால்தான், அங்கே எத்தனை குழந்தைகளுக்குத் தாமதமானது என்று ஒரு எண்ணைச் சொல்ல முடிகிறது, கேள்வி கேட்க முடிகிறது. இங்கே தாமதத்தை அளக்கவே ஒரு அளவுகோல் இல்லை.

சிறப்புப் பயிற்றுநர்கள் எங்கே?

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த, சிறப்புக் கல்வியில் தகுதி பெற்றவர்களைத்தான் சிறப்புப் பயிற்றுநர் என்கிறோம். ஓவியம், தையல், உடற்கல்வி நடத்தும் ‘சிறப்பாசிரியர்கள்’ வேறு, இவர்கள் வேறு.

நாடு முழுக்க இவர்களின் பற்றாக்குறை குறித்த வழக்கில், 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தை உடனே அறிவிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது இதுதான்: தொடக்க நிலையில் (1 முதல் 5 வரை) 10 சிறப்புத் தேவை மாணவர்களுக்கு ஒருவர், நடுநிலையில் (6 முதல் 8 வரை) 15 பேருக்கு ஒருவர்.

அறிவித்தாயிற்று. ஆட்களை எடுத்தார்களா? 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கு மறுபடி வந்தபோது, பல மாநிலங்கள் தேவையான பணியிடங்களைக்கூட உருவாக்கவில்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மூன்று வாரத்துக்குள் எத்தனை பணியிடம் என்று அறிவித்து, நியமனத்தைத் தொடங்கும்படி உத்தரவிட்டது. பல வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களின் தகுதியை ஆராய, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் உள்ளிட்டோர் அடங்கிய குழு அமைக்கவும் சொன்னது.

தமிழ்நாட்டில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ திட்டத்தின்கீழ், வட்டார வள மையத்தை மையமாக வைத்துச் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் வேலை செய்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போகவேண்டும். வீட்டை விட்டு வரவே முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் இவர்கள்தான். பலர் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் பணியாற்றுபவர்கள். பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் போராடும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேறு நல்ல வேலை கிடைத்து ஒருவர் போய்விட்டால், அந்த வட்டாரக் குழந்தைகளின் காத்திருப்பு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

நிதிச் சண்டையும் ஒரு காரணமா?

ஆமாம். இந்தத் திட்டத்தின் செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் ஏற்பட்ட முரண்பாட்டால், 2024-25இல் தமிழ்நாட்டுக்கான மத்திய அரசின் பங்கு நிறுத்தப்பட்டது. 2,152 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் சிறப்புப் பயிற்றுநர் சம்பளம், உபகரணங்கள், போக்குவரத்துப் படி போன்றவையும் இதே திட்டத்தில்தான் வருகின்றன என்பதை மறக்கக்கூடாது.

தாமதமானால் குழந்தை எதை இழக்கிறது?

பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடம்தான். மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு.

செவித்திறனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் இலக்கு. ஏனென்றால் மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான். ‘லேட்டாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்’ என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகலாம்.

கற்றல் குறைபாட்டில் இழப்பு வேறு மாதிரி. மூன்றாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பிறகு, படித்துத்தான் மற்ற எல்லாப் பாடத்தையும் கற்றுக்கொள்கிறது. வாசிப்பில் விட்ட இடைவெளி கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று எல்லாப் பாடத்துக்கும் பரவுகிறது. எல்லாவற்றையும்விட, ‘எனக்கு மூளை இல்லை’ என்று அந்தக் குழந்தையே நம்ப ஆரம்பித்துவிடுகிறது. அதைச் சரிசெய்வது, எழுத்துக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

சான்றிதழ் இல்லாமல் உதவி கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

16ஆவது பிரிவின் கடமைகளுக்கு 40 சதவீத நிபந்தனை கிடையாது. யுபிஎஸ்சி தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்ட ஒருவர் தொடர்ந்த வழக்கில், 40 சதவீதம் இருந்தால்தான் அந்த வசதி என்று சொல்ல முடியாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கும் மருத்துவச் சான்றின்பேரில் உதவியாளர், கூடுதல் நேரம் வழங்க 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

தவிர, முன் பெஞ்சில் உட்காரவைப்பது, கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்து மாணவர் நோட்டில் இருந்து எழுத அனுமதிப்பது, வாய்மொழியாகக் கேள்வி கேட்பது, வீட்டுப்பாடத்தைக் குறைப்பது, எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுத் தருவது போன்றவற்றுக்கு அரசாணையோ நிதியோ தேவையில்லை. ஆசிரியர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

சான்றிதழ் எதற்குக் கட்டாயம்?

• உதவித்தொகை, பராமரிப்பு உதவி
• பொதுத்தேர்வுச் சலுகைகள் (உரிய மருத்துவச் சான்று)
• உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு
• 18 வயது வரையிலான இலவசக் கல்வி உரிமை

அதனால் சான்றிதழ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அதற்கும் விண்ணப்பியுங்கள். அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்? 7 படிகள்

1. எழுதி வையுங்கள். எந்த வயதில் பேசினான், எதைச் செய்யத் திணறுகிறான், எதை நன்றாகச் செய்கிறான் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறியுங்கள். தமிழில் ந, ன, ண குழப்பம் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். ஆனால் கூடப் படிப்பவர்கள் கடந்துவிட்ட பிறகும் கொ, கோ போல இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளில் தொடர்ந்து திணறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் வெவ்வேறு மாதிரி எழுதுவது போன்றவை இருந்தால் கவனியுங்கள். இது இருந்தாலே டிஸ்லெக்சியா என்று முடிவு கட்ட வேண்டாம். பரிசோதிக்கக் காரணம் இருக்கிறது, அவ்வளவே. பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பீட்டில் அவை உதவும்.

2. கண், காது பரிசோதனையை முதலில் முடியுங்கள். பார்வையோ செவித்திறனோ குறைவாக இருந்து அதனால் படிப்பு பாதிக்கப்படுவதும் உண்டு. உளவியலாளரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

3. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். (மாதிரிக் கடிதம் கீழே.)

4. வட்டார வள மையத்துக்கு நேரில் போங்கள். உங்கள் பகுதி சிறப்புப் பயிற்றுநர் யார், எந்த நாளில் வருவார், அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று கேளுங்கள். பள்ளியின் ‘எமிஸ்’ பதிவில் குழந்தையின் சிறப்புத் தேவை ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில் இல்லாத குழந்தை கணக்கிலும் இல்லை.

5. முகாமுக்காகக் காத்திருக்காமல், மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தை அணுகுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியில் கேட்டால் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

6. அதே வாரத்தில் ‘ஸ்வாவலம்பன்’ தளத்தில் விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்தின் உதவியை நாடலாம். விண்ணப்ப எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதக் கணக்கு அதை வைத்துத்தான்.

7. பதில் வரவில்லையென்றால் மேலே போங்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417, முதல்வரின் முகவரி உதவி எண் 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று வழிகள் உண்டு. அதற்கும் மேல், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் சம்பந்தப்பட்ட அலுவலகம் தெரிவிக்க வேண்டும்.

மாதிரிக் கடிதம்

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகன்/மகள் ___ தங்கள் பள்ளியில் ___ வகுப்பில் படிக்கிறார். வாசிப்பதிலும் எழுதுவதிலும் (அல்லது ___) தொடர்ந்து சிரமப்படுகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படி, சிறப்புப் பயிற்றுநர் மூலம் மதிப்பீடு செய்யவும், அதுவரை வகுப்பில் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்துதரவும் கேட்டுக்கொள்கிறேன்: 1. ___ 2. ___ 3. ___. எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். மருத்துவச் சான்றுக்கும் விண்ணப்பித்துள்ளேன். நன்றி.”

ஆசிரியரோடு சண்டை போடுவதற்கான கடிதமல்ல இது. பல நேரங்களில், மேலே இருந்து ஆள் கேட்பதற்கு ஆசிரியருக்கே ஒரு தாள் தேவைப்படுகிறது. அந்தத் தாளாகவும் இது உதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்றிதழ் வாங்கினால் குழந்தைக்கு ‘முத்திரை’ குத்திவிடுவார்களோ?
பல பெற்றோரின் பயம் இதுதான், குறிப்பாகப் பெண் குழந்தைகள் விஷயத்தில். இதனாலேயே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வகுப்பில் ‘மக்கு’ என்ற முத்திரை விழத்தான் செய்கிறது. அந்த முத்திரையோடு எந்த உதவியும் வராது.

தனியார் மருத்துவமனை ரிப்போர்ட் செல்லுமா?
பள்ளியில் உதவி கேட்க, மருத்துவருக்குக் குழந்தையின் நிலையைப் புரியவைக்க உதவும். அரசுச் சான்றிதழ் மட்டும், அதற்கென அறிவிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிதான் தரமுடியும்.

ஏடிஹெச்டி பட்டியலில் இருக்கிறதா?
21 வகைகளில் அது தனிப் பெயராக இல்லை. ஆனால் அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கும் குழந்தைகள் உண்டு. மதிப்பீட்டில் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

“எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி பசங்களுக்கு வசதி இல்லை” என்று தனியார் பள்ளி சொன்னால்?
குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பது சட்டப்படி தவறு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு.

பத்தாம் வகுப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எப்போது கேட்கவேண்டும்?
தேர்வு நெருங்கும்போது அல்ல, ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றைத் தயார் செய்யுங்கள். பள்ளி மூலமாகத்தான் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போகவேண்டும். தமிழ்நாடு பொதுத்தேர்விலும் சிபிஎஸ்இயின் மூன்று மணி நேரத் தேர்விலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பழக்கமில்லாமல் திடீரென்று உதவியாளரோடு எழுதுவது கடினம். பள்ளித் தேர்வுகளிலேயே பழக்குங்கள்.

சான்றிதழில் போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால்?
மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து என்ன மாறவேண்டும்?

சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புவது முதல் தேவை. அதோடு, பெற்றோர் எழுதிக் கொடுத்த நாளில் இருந்து இத்தனை வாரத்தில் மதிப்பீடு, இத்தனை வாரத்தில் கல்வித் திட்டம் என்று ஒரு கெடுவை அரசு விதியாகவே கொண்டுவந்தால், தாமதம் கண்ணுக்குத் தெரியும்; கேள்வியும் கேட்கலாம். பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தானே, லேட் என்றே சொல்ல முடியும்?

அதுவரை, முதலில் சொன்ன அந்த இரண்டாம் வகுப்புப் பையனுக்காகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவன் டீச்சர் நாளைக்குக் காலையில் அவனை முன் பெஞ்சுக்கு மாற்றலாம். அவன் அம்மா அதே நாளில் ஹெச்.எம்.மிடம் ஒரு கடிதம் கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.